பாப்பாவின் அண்ணி

இடது கை உள்ளே போய்விட்டது. வலது கையைத்தான் பாப்பா தர மறுத்தாள். நைட்டியின் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு ரீட்டா மூன்றாவது முறையாகக் குனிந்தபோது, பாப்பா அவள் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள்.

ரீட்டா கத்தவில்லை. பல் தானாக விலகும்வரை கையை அப்படியே வைத்திருந்தாள். பின்னறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அம்மா கிடந்தாள். யாரோ ஜெபமாலை சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கைய குடு அத்தை. அண்ணியப் பாக்கலாம்."

"அண்ணி," என்றாள் பாப்பா.

"ஆமா, அண்ணிதான். கைய குடு."

"அண்ணீ!" இந்த முறை அவள் கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள். இந்தப் புதிய ஆளிடமிருந்து தன்னைக் காப்பாற்ற வரச்சொல்லிக் கூப்பிடுவது போலிருந்தது.

பாப்பாவுக்கு வயது அறுபத்தொன்று. தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளுக்குப் பாத்திமா மேரி என்று ஒரு பெயர் இருப்பது கடலூர் முதுநகரில் ரேஷன் கார்டுக்கும் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் மட்டும்தான் தெரியும். ரீட்டாவின் அப்பா இருதயசாமிக்குக் கடைசித் தங்கை. குழந்தையில் வந்த மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு மட்டும்தான் வளர்ந்தது. பேசத் தெரிந்த வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டு. அதிலும் ஒரு நாளைக்கு நூறு முறை வருவது, ரீட்டாவின் அம்மாவைக் கூப்பிடும் அந்த ஒன்றுதான்.

ரீட்டா நைட்டியின் வலது கையை அப்படியே தொங்கவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தினாள். அம்மா இதைத் தினமும் காலையில் செய்தாள். ஐம்பத்து மூன்று வருஷம். எந்தக் கையை முதலில் எடுப்பாள், என்ன சொல்லி எடுப்பாள் என்று ரீட்டா ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு போன் வந்தது. சிதம்பரத்தில், மேலவீதிக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், ரீட்டா அப்போது சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு இளவரசியின் பெயரைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டாள். அந்த நேரத்தில் அந்தப் பெயர் வருவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"ரீட்டா, உடனே கெளம்பி வாம்மா. வீட்ல… போயிடுச்சுமா."

"பாப்பா அத்தையா?"

கேட்டது நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்டபோது தோளிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியதும் ஞாபகம் இருந்தது. 'அப்பாடா, இனிமேலாவது அம்மா…' என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் தொடங்கிவிட்டது. பல வருஷமாகத் தயாராக வைத்திருந்த வாக்கியம். அம்மாவைச் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். தெருவைப் பார்த்த அறையைக் கொடுக்க வேண்டும். ஒரு முறையாவது வேளாங்கண்ணிக்கு அவளைத் தனியாகக் கூட்டிப்போக வேண்டும்.

"இல்ல ரீட்டா. அம்மா."

"எந்த அம்மா?" என்று கேட்டாள் ரீட்டா.

இளவரசி அழுதாள்.

பஸ்ஸில் கணவன் எழிலன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முட்லூர் போனது, ஆலப்பாக்கம் போனது. ரீட்டாவுக்கு அழுகை வரவில்லை. எங்கோ ஒரு தப்பு நடந்திருக்கிறது, போய்ச் சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்பது போலவே இருந்தது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. தினமும் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் முழங்காலிலிருந்து எழுந்திருக்காமலே சத்தமாக ஒரு வேண்டுதல் சொல்வாள்: "ஆண்டவரே, மொதல்ல இவள எடுத்துக்க. மறுநாளே என்னை எடுத்துக்க. ஒரு நாள் வித்தியாசம் போதும்." தெருவுக்கே தெரிந்த வேண்டுதல். பங்குச் சாமியார்கூட ஒரு முறை, "ஒரு நாள் போதுமா சவரியம்மா, ஒரு வாரமாச்சும் கேளுங்க" என்று சிரித்திருக்கிறார்.

"வேணாம் சாமி. அவ துணியெல்லாம் தொவச்சி மடிச்சி வச்சிட்டு வர்றதுக்கு ஒரு நாள் ஆவும். அவ்ளோதான்."

இளவரசி வந்து பின்னறைக் கதவைத் திறந்தாள். கையில் தட்டு. நாலு இட்லி, சர்க்கரை.

"இத ஊட்டிப் பாரு. காலைலேர்ந்து ஒண்ணும் துண்ணல."

ரீட்டா ஒரு துண்டு எடுத்து நீட்டினாள். பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அம்மா எப்டிக்கா ஊட்டுவாங்க?"

"நான் எங்கடி பாத்தேன்? கதவ ஒருக்களிச்சிட்டுத்தான் ஊட்டும். யாராச்சும் பாத்தா பாப்பாவுக்குக் கூச்சமாம்."

இளவரசி கீழே உட்கார்ந்தாள். காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டதை ரீட்டாவிடம் தனியாகச் சொன்னாள்.

"கேஸ் வாசன வந்துச்சுடி. என்னாடா இதுன்னு சுவரத் தாண்டி எட்டிப் பாத்தேன். பால் பொங்கி அடுப்பு அவிஞ்சிருக்கு. அம்மா சமையக்கட்டு வாசல்ல சாஞ்ச மேனிக்கு கெடக்கு. கூப்ட்டேன், அசையல. பாப்பா பக்கத்துல உக்காந்துனு அம்மா கால மடியில தூக்கி வச்சினு புடிச்சி உடுது."

"கால் புடிச்சிச்சா? பாப்பாவா?"

"தெனமும் புடிச்சி உடுமே. சாயங்காலம் அம்மாவுக்குக் கால் கொடையும். பாப்பாதான் புடிச்சி உடும். நல்லா அழுத்திப் புடிக்கும். உனக்குத் தெரியாதா?"

ரீட்டாவுக்குத் தெரியாது.

"நான் வந்து தொட்டா கால் ஜில்லுனு இருக்கு. பாப்பா என்னைத் தள்ளி உட்டுட்டு மறுபடியும் புடிக்குது."

பாப்பா அவர்களைப் பார்க்காமல் தட்டிலிருந்த சர்க்கரையை விரலால் தொட்டுத் தொட்டுத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோயிலில் துக்க மணி அடித்து முடித்ததும் உபதேசியார் வந்து அடக்கம் நாலு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். ரீட்டா பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் கைகளை ஜெபமாலையால் கட்டியிருந்தார்கள். அந்தக் கைகள் வேலையில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து அவள் பார்த்ததில்லை. அதனாலேயே அது வேறு யாரோ போல இருந்தது.

பெண்கள் அவரவருக்குத் தெரிந்ததைப் பேசினார்கள். குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில், மாமியார் எட்டு வயதுப் பாப்பாவைத் தூக்கிவந்து சவரியம்மாளின் மடியில் வைத்தாளாம். "இனிமே இது உன் பொறுப்பு" என்றாளாம். சவரியம்மாள் ஒரு வார்த்தை கேட்காமல் மூக்கைத் துடைத்துவிட்டாளாம். மாமியார் போய்ச் சேர்ந்தாள். மாமனார் மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து போனார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்த இருதயசாமியும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போனார். எல்லாருக்கும் வெந்நீர் வைத்ததும் வாய் துடைத்ததும் இந்த ஒருத்திதான்.

"சுனாமி அன்னிக்கு நடந்தது தெரியுமா?" என்றாள் ஒரு கிழவி. "தண்ணி வருது தண்ணி வருதுன்னு ஊரே ஸ்டேஷன் பக்கம் ஓடுது. இவ வீட்டுக்காரரு வாசல்ல சைக்கிள வச்சினு கத்துறாரு. இவ உள்ள பாப்பாவக் குளிப்பாட்டிக்கினு இருக்கா. 'சோப்போட எப்டி இட்டார்றது, கண்ணெரியும் அதுக்கு'ன்றா! நாலு சொம்பு ஊத்தி, தொடச்சி, துணி மாட்டித்தான் வெளிய வந்தா."

சிலர் சிரித்தார்கள். சிரித்ததும் பெட்டியைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

ரீட்டா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மகள் பிரீதா பிறந்தபோது அம்மா சிதம்பரத்துக்கு வந்தாள், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு. வழியெல்லாம் பஸ்ஸில் வாந்தி. வந்து இறங்கியதும் அம்மா பாப்பாவைக் கழுவினாள், பிறகு குழந்தையைக் கழுவினாள், பிறகு மறுபடியும் பாப்பாவை. ஐந்தாம் நாள் ரீட்டா தையல் வலியோடு தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டாள். "இரும்மா, பாப்பாவுக்கு ஊட்டிட்டு வந்துடறேன்" என்று பதில் வந்தது. ரீட்டா படுத்தபடியே கத்தினாள். "அது செத்தாத்தான் நீ எங்களுக்கு அம்மாவா இருப்ப!"

அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் காலையில் குழந்தைத் துணியைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். "நீ சொன்னது அதுக்குக் கேட்ருச்சும்மா. ராத்திரி பூரா தூங்கல."

"அதுக்கு என்னா புரியும்?"

"சத்தம் புரியும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

பதினொரு மணிக்குத்தான் மாத்திரை ஞாபகம் வந்தது. பாப்பாவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மூன்று விதமான அட்டைகள் இருந்தன. எது காலைக்கு, எது இரவுக்கு, எத்தனை என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அம்மாவுக்கு எழுதி வைக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. ரீட்டா டப்பாவோடு செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருக்கும் மருந்துக்கடைக்கு நடந்தாள். சாவு வீட்டிலிருந்து மகள் தெருவில் இறங்கிப் போவதை எல்லாரும் பார்த்தார்கள்.

கடைக்காரர் கொளஞ்சியப்பன் டப்பாவைப் பார்த்ததுமே அது யாருடையது என்று தெரிந்துகொண்டார்.

"சவரியம்மா பொண்ணுதான நீ? அவுங்க வரலியா?"

"அம்மா எறந்துட்டாங்கண்ணே. காலைல."

அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். எழுந்தவர் எதற்காக எழுந்தோம் என்று தெரியாதவர் போல நின்றார்.

"நேத்து சாயங்காலம் இங்க நின்னுனு இருந்தாங்களேம்மா. இதோ, நீ நிக்கிற எடத்துல."

பிறகு அட்டைகளைப் பிரித்து வைத்தார். "இது காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இது ராத்திரி மட்டும். பாதியா ஒடச்சிக் குடுக்கணும். இது பாப்பாவோடது இல்ல. கேஸ் மாத்திர. உங்க அம்மாவுக்குக் குடுத்தது."

"அம்மாவுக்கா?"

"நாலு நாளா மார்ல அடைக்கிற மாதிரி இருக்கு, கேஸ் போலருக்குன்னு வாங்கினாங்க. நேத்தும் கேட்டாங்க. 'இது கேஸ் இல்லக்கா, பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க'ன்னு சத்தமே போட்டேன். பாப்பாவ யார்ட்ட உட்டுட்டுப் போறதுன்னாங்க. அப்புறம் அவுங்களே சொன்னாங்க. 'ஞாயித்துக்கெழம எம்பொண்ணு வருது. அத ஊட்ல இருக்கச் சொல்லிட்டுப் போறேன்'னு."

ரீட்டா அட்டைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம வர்றதா இருந்தியாம்மா?"

புதன்கிழமை நாலு மணிக்கு அம்மா போன் செய்தாள். சிதம்பரத்தில் ரீட்டாவின் கடையில் ஜெராக்ஸ் எடுக்க மாணவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். மெஷின் வேறு பேப்பரை மென்றுகொண்டிருந்தது. "ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போறியா ரீட்டா? ஒரு அரை நாளு பாப்பாவப் பாத்துக்கிட்டா போதும்." எதற்கு என்று ரீட்டா கேட்கவில்லை. "பாக்கலாம்மா. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பேசவில்லை. பாப்பாவைப் பார்த்துக்கொள் என்று அம்மா அவளிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்பது, மருந்துக்கடை வாசலில், பகல் வெயிலில், இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆமாண்ணே," என்றாள்.

மாத்திரையைக் கரண்டியில் பொடித்துச் சர்க்கரையில் கலந்து வைத்தாள். பாப்பா தானாகவே விரலால் தொட்டு நக்கினாள். அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குள் போனது.

பன்னிரண்டரைக்குத் தம்பி அமலன் சென்னையிலிருந்து மனைவி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தான். பெட்டியின்மேல் விழுந்து சத்தம் போட்டு அழுதான். நாற்பத்து நாலு வயது ஆள் அப்படி அழுவதைக் கேட்டு பாப்பா பின்னறையில் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவன் ரீட்டாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டான்.

"அக்கா, தப்பா நெனைக்காத. வர்ற வழியிலேயே விசாரிச்சிட்டேன். பாண்டி பக்கத்துல சிஸ்டருங்க நடத்துற ஹோம் ஒண்ணு இருக்கு. எடம் இருக்காம். திங்கக்கெழம இட்டாரச் சொன்னாங்க."

ரீட்டா அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் அவன் செருப்பு, மறுகாலில் வேறு யாருடையதோ.

"என்னால முடியாதுக்கா. ரெண்டு ரூமுதான் இருக்கு, புள்ளைங்க படிக்குதுங்க. உன்னாலயும் முடியாது. அம்மா ஒருத்தராலதான் முடிஞ்சுது."

"அம்மாவாலயும் முடியலடா."

"என்னா சொல்ற?"

"நாலு நாளா நெஞ்சு வலிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு, பாப்பாவப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு இருந்திருக்காங்க. எங்கிட்ட கேட்டாங்க. ஞாயித்துக்கெழம வர்றியான்னு."

"நீ என்னா சொன்ன?"

"பாக்கலாம்னு சொன்னேன்."

அமலன் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தான். அக்காவைத் திட்ட வாயெடுத்தவன் போல இருந்தான். பிறகு, "எனக்கும் செவ்வாக்கெழம போன் வந்துச்சு," என்றான். "மீட்டிங்ல இருந்தேன். திருப்பிக் கூப்புடல."

உள்ளே, ஜெபமாலையின் அடுத்த பத்து ஜெபங்கள் தொடங்கின.

மூன்றரைக்கு அம்மாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மரப் பெட்டியில் வைத்தார்கள். குடும்பத்தார் கடைசி முத்தம் கொடுக்கலாம் என்றார் உபதேசியார். அமலன் கொடுத்தான். பேரப்பிள்ளைகள் கொடுத்தார்கள். ரீட்டா நேராகப் பின்னறைக்குப் போனாள்.

"வேணாம் ரீட்டா," என்றாள் ஒருத்தி. "கூட்டத்துல மெரண்டுக்கும். அதுக்கு என்னா தெரியப்போவுது."

ரீட்டா பாப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நைட்டியின் ஒரு கை வெறுமையாகத் தொங்கியது. கூட்டம் வழிவிட்டது. பாப்பா பெட்டியை எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பூவைப் பார்த்தாள், கட்டிய கைகளைப் பார்த்தாள், மூக்கில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தாள். பிறகு ரீட்டாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"அண்ணி இல்ல," என்றாள்.

"அண்ணி இல்ல," என்று மறுபடியும், தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, கையை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே பார்த்தாள். கொல்லைக் கதவைத் திறந்து கிணற்றடியைப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். "அண்ணி… அண்ணி…" என்ற குரல் வீட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தது. அந்தக் குரலுக்கு நடுவில்தான் பெட்டியை மூடினார்கள். ஆணி அடிக்கிற ஆள் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தான்.

ரீட்டா கோயிலுக்கும் போகவில்லை, கல்லறைக்கும் போகவில்லை. பெட்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். பெத்த பொண்ணு மண்ணு போடாம இருக்கலாமா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அவள் உள்ளே வந்து, தேடிக்கொண்டிருந்த பாப்பாவின் பின்னால் நடந்தாள். பாப்பா போன இடத்துக்கெல்லாம் போனாள். பாப்பா கதவைத் திறந்தால் அவளும் எட்டிப் பார்த்தாள். எத்தனை சுற்று என்று தெரியாது. கடைசியில் பாப்பா களைத்துப்போய்ச் சமையலறை வாசலில் சரிந்து உட்கார்ந்து, அப்படியே தூங்கிவிட்டாள். ரீட்டா அவள் தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, மெதுவாகத் தரையில் படுக்கவைத்தாள். அவள் மேலிருந்து அம்மாவின் சோப்பு வாசனை வந்தது. அப்போதுதான் ரீட்டாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பாப்பா புரண்டாள். ரீட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்குப் போனவர்கள் திரும்பிவந்து கால் கழுவினார்கள். எழிலனின் வேட்டியில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. அமலன் சமையலறை வாசலுக்கு வந்து, தூங்குகிறவளையும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவையும் பார்த்தான்.

"அந்த சிஸ்டருக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடு," என்றாள் ரீட்டா.

"எத்தினி நாளைக்குக்கா?"

"தெரியலடா. மொதல்ல சோறு எப்டி ஊட்டுறதுன்னு பாக்கணும்."

எழிலன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ரீட்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வேட்டி மண்ணைத் தட்டினான். பிறகு, "நம்ம ஊட்ல அதுக்குக் கட்டில் போடணுமா, பாயே போதுமா?" என்றான்.

"பாய்தான். கட்டில்லேர்ந்து உருண்டுடும்."

"சரி," என்று அவன் வெளியே போனான்.

ஐஸ் பெட்டிக்காரர் அப்போதுதான் வந்தார். இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும், நேரமாகிவிட்டது என்றார். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு பேராகத் தூக்கி, நிலைப்படியில் இடிக்காமல் சாய்த்து எடுத்துப்போனார்கள். வாசலில் பந்தல் துணியையும் அவிழ்த்துவிட்டார்கள். நாள் முழுக்க மறைந்திருந்த சாயங்கால வெளிச்சம் கூடத்துக்குள் வந்தது.

பெட்டி இருந்த இடத்தில் சிமெண்ட் தரை ஆள் நீளத்துக்கு ஈரமாக இருந்தது. அமலனின் பிள்ளைகள் அதை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போனார்கள். இளவரசி கந்தல் துணியோடு வந்து குனிந்தாள்.

"வேணாங்க்கா," என்றாள் ரீட்டா. "அதுவே காஞ்சிடும்."

இளவரசி துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஈரம் ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே வாங்கத் தொடங்கியிருந்தது.